இருபத்தொரு நாள் ஓனர்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபத்தேழுக்கு மருது ஒரு பட்டனை அமுக்கினான். அமுக்குவதற்கு முன்னால் திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. பதினான்கு பக்கம் எழுதியிருந்தார்கள். அடியில் 'சம்மதம்' என்று ஒரு பச்சைக் கட்டம் இருந்தது. பச்சையாக எது தெரிந்தாலும் போய்விடலாம் என்பது காளவாசல் சிக்னலில் அவன் கற்ற பாடம். காளவாசலில் சிவப்பிலும் போவார்கள், அது வேறு விஷயம்.

அந்த ஒரு அமுக்கில், தங்கப்பொண்ணு அக்கா முழுப் பணமும் கட்டி வாங்கிய மின்சார ஸ்கூட்டருக்கு மருது சொந்தக்காரன் ஆகிப்போனான்.

காளவாசலில் பேட்டரி ஸ்கூட்டர் விற்கும் ஷோரூமில் டெலிவரி கொடுப்பது அவன் வேலை. வண்டியைத் துடைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கடைசியாக வாங்கியவரின் கைபேசியை வண்டியோடு சேர்த்துவிட வேண்டும். இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. கைபேசிதான் சாவி. முதல் தடவை சேர்க்கும்போது வண்டியின் திரையிலும் கைபேசியிலும் ஆறு இலக்கத்தில் ஓர் எண் தோன்றும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து இரண்டிலும் 'ஆம்' அமுக்க வேண்டும். நடுவில் வேறு எவனாவது புகுந்து, நான்தான் அந்தக் கைபேசி என்று வண்டியை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மருது அந்த எண்களை ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்தவனில்லை. ஏ.சி. காற்றே ஒழுங்காக வராத ஷோரூமில் காற்று வழியாக எவன் வரப் போகிறான் என்பது அவன் கட்சி.

அன்றைக்கு வந்த சிக்கல் வேறு. வண்டியை இணையத்தில் பதிவு செய்தது சென்னையில் வேலை பார்க்கும் அக்காவின் மகள் திவ்யா. அதனால் ஓ.டி.பி. அவள் எண்ணுக்குப் போனது. அவள் மீட்டிங்கில் கைபேசியை அணைத்து வைத்திருந்தாள்.

"ஏப்பா, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள சக்கரம் உருளணும்," என்றார் தங்கப்பொண்ணு. சமயநல்லூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வயது ஐம்பத்தொன்று. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்.

"உருட்டிருவோம்க்கா. ஓ.டி.பி. வரட்டும்."

"அது எங்கருந்து வருது?"

"சென்னையில இருந்துக்கா."

"அப்ப வந்த மாதிரிதான்."

பக்கத்தில் அவர் கணவர் பேயாண்டி கற்பூரத் தட்டோடு நின்றார். பெயரைக் கேட்டுப் பயந்து வருகிறவர்கள் ஆளைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள், அவ்வளவு சாது. "இன்னும் நாலு நிமிசம் இருக்கு," என்று அவர் மெதுவாகச் சொன்னார். யாரையும் அவசரப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. கற்பூரம்தான் அவசரப்படுத்தியது.

"ஏப்பா, நீ என்னமோ செய்யி. ராகுகாலத்துல எடுத்தா எங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்," என்றார் அக்கா.

மருதுவுக்கு இளகிய மனசு. அதோடு ஒரு கைபேசியும் இருந்தது. "இப்போதைக்கு என் பேர்ல போட்டு எடுத்துருவோம்க்கா. சாயங்காலம் ஒரே அமுக்குல மாத்திக்கிரலாம்," என்றான். தன் கைபேசியை வண்டியோடு சேர்த்தான். அது அவன் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டது. பழம் நசுங்கியது. மணி பத்து இருபத்தொன்பது. பேயாண்டி கை தட்டினார்.

மருது விளாங்குடி வரைக்கும் கூடவே போய், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கொடுத்து, கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தான்.

சாயங்காலம் போன் வந்தது. "ஏப்பா, வண்டி செத்துப் போச்சு."

"சாகலக்கா, பூட்டியிருக்கு. நான் பக்கத்துல இல்லேல்ல, அதான். இந்தா, இப்ப மாத்திவிட்டுர்றேன்."

மாற்றும் இடத்துக்குப் போனான். திரை அவனிடம் மிக மரியாதையாகச் சொன்னது: திருட்டைத் தடுக்கும் பொருட்டு, முதல் இருபத்தொரு நாட்களுக்கு உரிமையாளரை மாற்ற இயலாது. அடுத்தவருக்குச் சாவியைப் பகிரவும் இயலாது. தங்கள் பொறுமைக்கு நன்றி.

அப்போதுதான் மருது அந்தப் பதினான்கு பக்கத்தையும் படித்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"உன் போன அந்த அக்காகிட்ட குடுத்துட்டு வந்துர வேண்டியதுதான மாப்ள," என்றார் ஷோரூம் முதலாளி அழகுபாண்டி.

"ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் முகம் காட்டணும்ணே. அது என் முகத்தப் பதிஞ்சு வச்சிருக்கு."

அழகுபாண்டி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கு வேற முகமே கிடைக்கலையா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. கம்பெனியில உன் பேர்ல ஏற்கனவே ரெண்டு சிவப்புக் குறி இருக்கு. இந்த அக்கா மட்டும் ஒரு கம்ப்ளைன்ட் குடுத்துச்சு, மூணு. மூணு ஆனா நானே நெனைச்சாலும் உன்னைய வச்சுக்கிர முடியாது."

முதல் சிவப்பு, ஒருத்தர் ஹெல்மெட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்தனுப்பியதற்கு. இரண்டாவது, நீல வண்டியைத் தடவித் தடவிப் பார்த்த ஒருவரிடம் "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுண்ணே" என்று சொன்னதற்கு. அவர் கோபித்துக்கொண்டு நடந்தே போய்விட்டார். மருதுவுக்கு இது ஆறாவது வேலை. முந்தைய ஐந்தும் போனதற்கு அவன் வாயே காரணம். ஆனால் இந்த வேலையை அவனுக்குப் பிடித்திருந்தது. புதுவண்டி முதல் தடவை நகரும்போது அதில் உட்கார்ந்திருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும், வயது எதுவானாலும். அதைத் தினம் இரண்டு பேரிடமாவது பார்க்கக் கிடைக்கிற வேலை மதுரையில் வேறு இல்லை.

ஆகவே திங்கட்கிழமை முதல் அவனே சாவியாகப் போனான். காலை ஏழே முக்காலுக்குத் தன் பழைய பைக்கில் விளாங்குடி. அக்காவின் வண்டித் திரைக்கு முன்னால் கைபேசியைப் பிடித்து முகம் காட்டுவான். வண்டி ஒரு தடவை கூவிக்கொண்டு எழும். அக்கா திண்டுக்கல் ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போவார். பின்னாலேயே மருது. லாரிகளும் பஸ்களும் இருவரையும் தாண்டிப் போகும். ஒரு நாள் ஒரு மாட்டுவண்டிகூட தாண்டியது என்று மருது ஷோரூமில் சொன்னான். அதை யாரும் நம்பவில்லை, அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. சாப்பாடு முடிந்து அக்கா வீடு திரும்பும் மூன்று மணிக்கு மறுபடி போய் முகம் காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாளே சமையல் அம்மா கேட்டார்: "யாருக்கா இது, கூடவே வாராரு?"

"வண்டிச் சாவி," என்றார் தங்கப்பொண்ணு.

அன்றிலிருந்து அங்கே அவனுக்கு அதுதான் பெயர். "சாவிக்குத் தண்ணி குடுங்க" என்பார்கள். "சாவிக்கு ஒரு முட்டை சேத்து வைய்யி" என்பார்கள். மருதுவுக்கு அதில் வருத்தமில்லை, முட்டை நன்றாக வெந்திருக்கும்.

வருத்தமெல்லாம் அக்காவுக்குத்தான். ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டே அவர் சொன்னார். "முப்பது வருசம் ஆச்சுப்பா. பஸ்ஸுல எவனோ ஓட்டுவான், ஷேர் ஆட்டோவுல எவனோ ஓட்டுவான், இல்ல இவரு சைக்கிளுல பின்னாடி உக்காரணும். எங்க அண்ணன் சுடலை சொல்றான், முன்னாடியோ பின்னாடியோ ஒரு ஆம்பள இல்லாம நீ வாடிப்பட்டி தாண்ட மாட்டேன்னு. அவன் பேத்திக்கு ஞாயித்துக்கிழமை காதுகுத்து. தனியா வந்து இறங்குறேன் பாருன்னு சொல்லிட்டுத்தான் இந்த வண்டியவே வாங்குனேன்." அவர் திரும்பி மருதுவை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா, வண்டி வாங்குனதுக்கு ஒரு ஆம்பள இலவசம்."

மருது சிரித்தான். சிரித்து முடித்ததும் கேட்டான். "அக்கா, கம்பெனியில கம்ப்ளைன்ட் ஏதும் குடுக்கப் போறீகளா?"

"பாப்போம்," என்றார் அக்கா.

அந்த வாரம் யாருமே மருதுவுக்கு நேராகப் பதில் சொல்வதாக இல்லை. அழகுபாண்டியிடம் வேலை இருக்குமா என்றால், டீ சொல்லட்டுமா என்றார். கம்பெனியின் உதவி எண்ணில் ஒன்றை அமுக்கச் சொன்னார்கள், பிறகு மூன்றை, பிறகு மறுபடி ஒன்றை. கடைசியில் புதன்கிழமை மத்தியானம், நாற்பது நிமிடம் நாதஸ்வரம் கேட்ட பிறகு, ஒரு மனுஷக் குரல் வந்தது. கோயம்புத்தூர்ப் பெண்.

"ஏனுங்க சார், ஒரு வழி இருக்குதுங்க. வாங்குனவங்களே, 'என் சம்மதமில்லாம வேற ஆள் என் வண்டிக்கு ஓனரா இருக்கார்'னு பாதுகாப்புப் புகார் கொடுத்தாங்கன்னா, ரெண்டு நாள்ல மாத்திருவாங்க."

"அட. அப்ப குடுத்துர வேண்டியதுதான."

"ஆனா அந்த வேற ஆள் நம்ம ஸ்டாஃபா இருந்தா..."

"இருந்தா?"

"உங்க பொறுமைக்கு நன்றிங்க சார்."

மருது ஷோரூம் வாசலில் உட்கார்ந்து யோசித்தான். இன்னும் பதினைந்து நாள். தினம் இரண்டு தடவை முகம் காட்டினால் முடிந்தது. இப்படி ஒரு வழி இருப்பது அக்காவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை பிழைக்கிற மாதிரி ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது. விடலாமா.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அக்கா கேட்டார். "ஏப்பா, ஞாயித்துக்கிழமை நீ ஒண்ணு செய்யி. எங்க அண்ணன் ஊருக்குள்ள வராத. ஊர் எல்லையிலயே எங்கிட்டாவது மறைஞ்சு நின்னுக்க. திரும்பும்போது மட்டும் வண்டிய எடுத்துக் குடு. வண்டிய உங்கிட்டயே விட்டுட்டு நான் நடந்து போயிட்டு வாரேன், யாருக்கும் தெரியாது."

கேட்கும்போது அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் மருதுவுக்குத் தாங்கவில்லை. இந்தம்மா ஒரு வாரமாகப் பண்ணிய கேலியை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வலிக்கவில்லை.

"மறைஞ்சு நிக்க வேணாம்க்கா," என்றான். "உங்க போனக் குடுங்க." விஷயத்தைச் சொன்னான். உதவி எண் சொன்னது, புகார், இரண்டு நாள், எல்லாம். மூன்றாவது சிவப்பையும் சொன்னான், போகிற போக்கில் சொல்கிற மாதிரி. பிறகு அவனே அவர் கைபேசியில் புகாரைத் தட்ட ஆரம்பித்தான். அக்காவுக்குத் தட்டத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான்.

"'மருது என்ற ஊழியர் பொறுப்பில்லாமல்'..." என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினான். "பொறுப்பில்லாமல் போதுமாக்கா, இல்ல 'ஏமாற்றி'ன்னு போடவா?"

"ஏமாத்துனியா?"

"இல்ல. ஆனா எடுப்பா இருக்கும்."

"நல்லாருக்கே. உன்னையப் பத்தி நீயே எழுதுறியே, வெக்கமா இல்ல?"

"என்னையப் பத்தி என்னைய விட நல்லாத் தெரிஞ்ச ஆளு யாருக்கா இருக்கா. 'தொடர்ந்து தொந்தரவு செய்கிறார்.' இதையும் போட்டுட்டேன்."

"உன் வேலை போயிருமா?"

"போனாப் போகுது. இது ஆறாவது. ஏழு எனக்கு ராசியான நம்பரு."

அக்கா கைபேசியை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு எழுத்தாக. அனுப்பு என்று ஒரு பச்சைக் கட்டம் இருந்தது. அவர் அதை அமுக்கவில்லை. கைபேசியைச் சேலை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"பாப்போம்," என்றார். "முகத்தக் காட்டு. நேரமாச்சு."

வெள்ளிக்கிழமை காலையில் மருது கேட்டான். "அனுப்பிச்சீகளாக்கா?"

"கண்ணாடி பாத்து ஓட்டுறதா, உனக்குப் பதில் சொல்றதா?"

சாயங்காலம் கேட்டான்.

"இன்னைக்குச் சாம்பாரு எம்புட்டு நல்லா வந்துச்சு தெரியுமா," என்றார்.

பேயாண்டியிடம் கேட்டுப் பார்த்தான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கு இந்த வீட்டுல ஓ.டி.பி.யே வாரதில்ல தம்பி," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அழகுபாண்டி உள்ளே கூப்பிட்டார். மேசையில் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் ஒன்றை அச்செடுத்து வைத்திருந்தார். மருது உட்காரவில்லை. முந்தைய ஐந்து வேலைகளிலும் கடைசி நாளில் அவன் உட்கார்ந்துதான் இருந்தான். இந்தத் தடவையாவது நின்று பார்க்கலாம் என்று நினைத்தான்.

"படி மாப்ள."

இரண்டே வரி. உரிமையாளர் மாற்றம் அனுமதிக்கப்பட்டது. ஊழியர் மீது நடவடிக்கை தேவையில்லை.

மருது மறுபடி படித்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். பின்பக்கம் வெள்ளை.

"அப்ப அந்த அக்கா கம்ப்ளைன்ட் குடுக்கலையாண்ணே?"

"குடுக்காம எப்படி ரெண்டு நாள்ல மாத்துவாய்ங்க."

"குடுத்திருந்தா எனக்கு எப்படி சிவப்பு வரல?"

"எனக்கென்ன தெரியும். நீ கையில கால்ல விழுந்தியா?"

"இல்லண்ணே. என்னையத் திட்டி நானே எழுதிக் குடுத்தேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் இன்னும் நாலு வரி சேத்துக் குடுத்திருப்பேன்ல," என்றார் அழகுபாண்டி. பிறகு அவர் குரல் கொஞ்சம் மாறியது. "போயி நல்லபடியா மாத்திக் குடுத்துட்டு வா. இனிமேலாவது, எந்தக் காலமா இருந்தாலும், வாங்குனவுக போன்லதான் போடணும். தெரியுதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு விளாங்குடியில் வண்டி மாலையோடு நின்றது. பேயாண்டி வேட்டி சட்டையில், மடியில் சீர்த்தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. அக்கா கத்திரிப்பூக் கலர்ப் பட்டுச்சேலையில் இருந்தார். அதற்கு மேல் ஹெல்மெட்.

மருது தன் கைபேசியில் வண்டியை விட்டுக்கொடுத்தான். 'இனி இந்த வாகனம் உங்களுடையதல்ல' என்று அது சொன்னது. இருபத்தொரு நாள் ஓனர் பத்தாவது நாளில் பதவி இழந்தான். இவ்வளவு நாள் சீக்கிரம் போகாதா என்றிருந்தவனுக்கு இப்போது என்னவோ போலிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அக்காவின் கைபேசியை வாங்கி, சேர்க்கும் இடத்தைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் படம் பிடித்தது. வண்டித் திரையில் ஆறு இலக்கம் வந்தது. கைபேசியிலும் வந்தது. பழக்கதோஷத்தில் அவன் விரல் 'ஆம்' மீது போனது.

அக்கா அவன் கையைத் தட்டிவிட்டார். "எடு விரல. நான் வண்டியப் பாத்துப் படிக்கிறேன், நீ போனப் பாத்துச் சொல்லு. நாலு."

"நாலு."

"சைபரு."

"சைபருக்கா."

"ஏழு. ரெண்டு."

"ஒண்ணு ஒண்ணாக் கேளுங்கக்கா. ஏழு. ரெண்டு."

"ரெண்டு."

"மறுபடி ரெண்டா?"

"நீதான சொல்லணும், என்னைய ஏன் கேக்குற. பாத்துச் சொல்லு."

"ரெண்டுதான்க்கா."

"ஒம்பது."

"ஒம்பது."

"இன்னொருக்கா முதல்ல இருந்து," என்றார் தங்கப்பொண்ணு. பேயாண்டி மணியைப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் ஒத்துப் போன பிறகு அக்கா இரண்டு திரையிலும் அவரே, அழுத்தமாக, 'ஆம்' அமுக்கினார். வண்டி கூவியது. மருதுவின் முகம் தேவைப்படாமல், அவன் மூன்றடி தள்ளி நிற்க, அது முதல் தடவையாக எழுந்தது.

அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. மருது அதைப் பார்த்துக்கொண்டான்.

"பின்னாடி சும்மா கொஞ்ச தூரம் வாரேனே," என்றான். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

அவர் இரண்டு கண்ணாடிகளையும் சரி செய்தார். சேலை நுனியை ஒதுக்கினார். கையைப் பிடியில் வைத்தார். இனி ஒரு திருகு, அவ்வளவுதான், போய்விடுவார். மருது வண்டிக்கு முன்னால் போய் நின்றான்.

"அக்கா. நீங்க போயிட்டா நான் இத நெனைச்சு நெனைச்சே செத்துருவேன். கம்ப்ளைன்ட் குடுத்தீகளா, குடுக்கலையா? ஒரு வார்த்தை. சாம்பாரப் பத்தி வேணாம்."

தங்கப்பொண்ணு ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினார்.

"குடுத்தேன். வியாழக்கிழமையே குடுத்தேன். நீ எழுதுனத அழிச்சிட்டேன், அதுல பாதிக்கு மேல பொய்யி. தட்டுறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அவசரப்படுத்துனது நான், அமுக்குனது அவன், ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்குன்னு எழுதினேன். தினம் ரெண்டு நேரம் வந்து நிக்கிறான், மாத்துறதுக்கு வழி சொன்னதும் அவன்தான்னு எழுதினேன். அவன வேலைய விட்டு எடுத்தீகன்னா வண்டியக் கொண்டாந்து உங்க வாசல்லயே விட்டுருவேன்னும் எழுதினேன். இம்புட்டுத்தான். இப்ப வழிய விடு."